காதக் கணக்கு

கதையில் வருகிற ஒருவன் நடந்த தூரத்தைத் தானும் நடந்து தீர்ப்பது என்று ஒரு பழக்கம் இப்போது உலகத்தின் பல பாகங்களில் பரவியிருக்கிறது. அந்தக் கதையின் ஊர்கள் பூமியில் இருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆகிய வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில், ஃப்ரோடோ என்கிற குள்ளன் ஒருவன் பொல்லாத மோதிரம் ஒன்றைச் சுமந்துகொண்டு தன் வீட்டு வாசலிலிருந்து எதிரியின் நாட்டு எரிமலை வரையில் போகிறான். மோதிரம் உருவான நெருப்பிலேயே அதைப் போட்டு அழிக்கவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பிரயாணம். வழி முழுவதும் ஆசிரியரின் கற்பனை. ஆனாலும் அந்த வழிக்கு மைல் கணக்கு உண்டு. காரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1981-இல் அந்தக் கற்பனை உலகத்துக்கு ஒரு பூகோளப் படப் புஸ்தகம் தயாரித்து வெளியிட்டார். அதை வைத்துக்கொண்டு வாசகர்கள் கூட்டிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து ரிவெண்டல் 458 மைல். அங்கிருந்து லோத்லோரியன் 462. அங்கிருந்து ரௌரோஸ் அருவி 389. அருவியிலிருந்து எரிமலை 470. ஆக மொத்தம் 1,779 மைல். கிலோமீட்டரில் 2,860-க்குச் சற்று மேல்.

இந்த 1,779 மைலையும் தங்கள் ஊர்த் தெருவிலோ, மாடியிலோ, ஆபீசுக்குப் போகிற வழியிலோ கொஞ்சம் கொஞ்சமாக நடந்து தீர்க்கிறேன் என்று சங்கற்பம் செய்துகொள்வதுதான் அந்தப் பழக்கம். நாவலில் வருகிற எயோவின் என்ற பெண்ணின் பெயரால் இதை வழங்குகிறார்கள். கத்திக்கு அஞ்சாமல் கூண்டுக்கு அஞ்சுகிறவள் அவள். நாற்காலியில் உட்கார்ந்தே ஆயுளைக் கழிக்கிறவர்களுக்கு அவள் பெயர் பொருத்தமானதுதான். கையிலிருக்கிற போன் அடிகளை எண்ணுகிறது. நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு எரிமலை போய்ச்சேர ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகும். போய்ச்சேர்ந்தால் பதக்கம் அனுப்புகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

நோணாங்குப்பத்திலும் இப்படி ஒருவனைச் சந்தித்தேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் மேல் விடியற்காலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தான். தெரிந்த பையன், நிறையப் படிக்கிறவன்.

“எது வரைக்கும் தம்பி?” என்றேன்.

“மோரியாச் சுரங்கம் வந்தாச்சு சார். எட்டு மாசம் ஆச்சு” என்றான்.

அவன் சொன்னதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. “இதுக்கப்புறம் லோத்லோரியன். அப்புறம் படகு. அதையும் நடந்துதான் தீர்க்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாலத்துக்குக் கீழே படகுத்துறையில் உல்லாசப் பிரயாணிகளுக்கான படகுகள் கட்டிக் கிடந்தன.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இலக்கியத்துக்கும் கால்வலிக்கும் என்ன சம்பந்தம் என்று பண்டிதர்கள் கேட்பார்கள். உடம்பு இளைக்க ஒரு சாக்கு என்று வைத்தியர்கள் சொல்வார்கள். எனக்கு இது விமரிசனத்தில் ஒரு தினுசு என்று தோன்றுகிறது. ஒரு நாவலின் மனோதத்துவம் உண்மையா என்று பார்க்கிறோம். பேச்சு உண்மையா என்று பார்க்கிறோம். அதில் வருகிற தூரம் உண்மையா என்று பார்க்கிறவர்கள் இந்த நடைக்காரர்கள் மட்டுந்தான். “பல நாட்கள் நடந்து மலையடிவாரத்தை அடைந்தார்கள்” என்று எழுத ஆசிரியனுக்கு அரை நிமிஷம் போதும். படிக்க வாசகனுக்கு அதுகூட வேண்டாம். அந்தப் பல நாட்களும் எங்கே போயின? அவற்றை ஆசிரியன் உண்மையில் அனுபவித்துவிட்டுச் சுருக்கினானா, அல்லது அனுபவிக்காமலே தாண்டிவிட்டானா? இது சின்னக் கேள்வி இல்லை. நாவல் என்பது காலத்தை வைத்துச் செய்கிற கலை. காலத்தில் ஏமாற்றுகிறவன் மற்றதிலும் ஏமாற்றுவான் என்பது என் அபிப்பிராயம்.

டோல்கீன் இந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறிவிடுகிறார். பூகோளப் படத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்குக் கதையைப் பொருத்தியதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். செப்டம்பர் 23-ஆம் தேதி ஃப்ரோடோ வீட்டை விட்டுப் புறப்படுகிறான். அக்டோபர் 20-ஆம் தேதி ரிவெண்டலை அடைகிறான். மார்ச்சு 25-ஆம் தேதி மோதிரம் அழிகிறது. நடுவில் ரிவெண்டலில் இரண்டு மாதத்துக்கு மேலும், லோத்லோரியனில் ஒரு மாதமும் தங்கல். முதல் கட்டத்தின் 458 மைலை இருபத்தேழு நாளுக்குப் பங்கிட்டால் தினத்துக்குப் பதினேழு மைல் வருகிறது. சுமையோடு, பயத்தோடு, நடுநடுவே தங்கி இளைப்பாறிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கஷ்டமான நடை; அசாத்தியமான நடை இல்லை. இன்ன இரவில் பிறை எவ்வளவு இருந்தது என்றுகூட அவர் சரிபார்த்திருக்கிறார். மாயமும் மந்திரமும் பேசும் மரங்களும் நிரம்பிய ஒரு கதையை வளர்ந்த மனிதர்கள் நம்பிப் படிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் மந்திரம் இல்லை. மந்திரத்துக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் பசித்து, நனைந்து, கால் ஓய்ந்து நடக்கிறார்கள் என்பதுதான் காரணம். அந்த 1,779 மைலுக்கும் ஆசிரியர் விலை கொடுத்திருக்கிறார்.

ஆனால் நடைக்காரர்களின் விமரிசனம் ஓர் எல்லைக்கு மேல் போகமுடியாது. அந்தப் படகு விஷயத்தைப் பாருங்கள். லோத்லோரியனிலிருந்து அருவி வரையிலான 389 மைலையும் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் ஆற்றில் படகில் போகிறார்கள். கதையில் அது உட்கார்ந்து போகிற காலம். கரையில் யாரோ தொடர்கிறான் என்ற சந்தேகத்தோடு, அடுத்தபடி எந்தப் பக்கம் போவது என்ற முடிவை ஒத்திப்போட்டுக்கொண்டு நீரோட்டத்தோடு போகிற காலம். அந்தக் கட்டத்தின் ஜீவனே அந்தச் சும்மா இருத்தல்தான். நடைக்காரன் அதையும் நடையாக மாற்றிவிடுகிறான். ஏனென்றால் அவன் எண்ணுகிறது தூரத்தை. கடைசிக் கட்டம் இன்னும் மோசம். மோதிரத்தின் பாரம் ஏறிக்கொண்டே போய், ஒரு நிலையில் ஃப்ரோடோவால் எழுந்து நிற்க முடியவில்லை. அவனுடைய தோழன் சாம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான். அந்தக் கொஞ்ச தூரந்தான் நாவலின் உச்சம். போன் கணக்கில் அது மற்ற மைலைப்போல இன்னொரு மைல்தான்.

ஆகவே கதையில் இரண்டு விதமான தூரம் இருக்கிறது. ஒன்று, காலால் அளக்கக்கூடியது. அதை ஆசிரியன் ஒழுங்காகக் கொடுக்கவேண்டும். கொடுத்தானா என்று நடந்து பார்க்கலாம். மற்றது, நடக்கிறவர்களுக்குள் இருக்கிற தூரம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கிறதே, அது. இரண்டும் ஒரே இடத்தில் கூடுகிறபோதுதான் கதையின் பிரயாணம் இலக்கியமாகிறது.

இதற்கு உதாரணம் தேட வேற்று நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. நோணாங்குப்பத்துச் சாலையே போதும். ஆவணியில், வேளாங்கண்ணியில் கொடியேறுகிற ஆகஸ்டு 29-ஐ ஒட்டி, சென்னைப் பக்கத்திலிருந்து காவியுடுத்திய கூட்டம் இந்தச் சாலையில் நடந்து போகும். பெரிய திருநாள் செப்டம்பர் 8. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். மாதாவின் சொரூபத்தைச் சின்னத் தேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு, இரவில் விளக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். பகல் வெயிலில் மரத்தடியிலும் சாவடியிலும் படுத்துக் கிடப்பார்கள். ஒரு வருஷம் எட்டு வயசுப் பையன் ஒருவன் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“இன்னும் எவ்ளோ தூரம் ஆயா?” என்று கேட்டான்.

கிழவி கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. “இந்தா, வந்துட்டோம்டா கண்ணு. பாலத்தத் தாண்டுனா கிட்டத்தான்” என்றாள்.

அந்தப் பாலத்தைத் தாண்டினால் தவளக்குப்பம். வேளாங்கண்ணி ஒரு வாரத்து நடை. கிழவிக்கு அது தெரியும். பையனும் நம்பினான் என்று சொல்லமுடியாது, ஆனாலும் நடந்தான்.

தமிழில் இந்தப் பதிலை முதலில் சொன்னவன் கோவலன். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் புகாரை விட்டு விடியுமுன்னே புறப்பட்டு, காவிரியின் வடகரையோடு மேற்கே போகிறார்கள். முதல் காதம் முடிகிற சமயம். அரண்மனை போன்ற வீட்டில் பிறந்து வளர்ந்து, தெருவில் காலே வைத்தறியாத கண்ணகிக்கு இடுப்பு ஒடிகிறது, அடி நோகிறது, மூச்சு வாங்குகிறது. சிரித்த முகத்தோடு, மதுரை என்கிற பழைய ஊர் எது என்று கேட்கிறாள். எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்கவில்லை. இதோ தெரிகிறதே, இதுதானா என்று கேட்கிற மாதிரி. கோவலன் ஆறு, ஐந்து என்ற இரண்டு எண்ணையும் சேர்த்து, அத்தனை காதம், பக்கந்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். பெருக்கினால் முப்பது காதம். பெருக்கத் தெரியாத களைப்பில் கேட்கிறவளுக்கு, ஆறோ ஐந்தோ காதம். சொன்னது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

உலக இலக்கியத்தில் ஒரு பிரயாணத்தின் தூரம் இதைவிட நன்றாகச் சொல்லப்பட்ட இடத்தை நான் பார்த்ததில்லை. வேறொருத்தியோடு வாழ்ந்து, பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு, வெட்கத்தோடு திரும்பி வந்தவன் அவன். ஒரு வார்த்தை கேட்காமல் சிலம்பைக் கொடுத்தவள் அவள். வெளியே கிளம்பிய பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இது. இதற்கு அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் முடியவில்லை. எண்ணிலேயே ஒளிந்துகொள்கிறான். முப்பது காதம் என்பது புகாருக்கும் மதுரைக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டும் இல்லை; அவன் செய்ததற்கும் அவள் பொறுத்ததற்கும் நடுவிலுள்ள தூரமும் அதுதான். அதை அவன் அளந்து வைத்திருக்கிறான். அவள் அளக்கவேயில்லை.

இப்படிச் சொல்வது மட்டும் போதாது. நடைக்காரர்களின் பரீட்சையையும் இளங்கோவுக்கு வைத்துப் பார்க்கவேண்டும். இன்றைய சாலையில் பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மதுரைக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காதம் என்பது பத்து மைல் என்று சிலரும் ஏழு மைல் என்று சிலரும் கணக்குச் சொல்வார்கள். பத்து மைல் என்று கொண்டால் முப்பது காதம் மதுரையைத் தாண்டி எங்கோ போய்விடும். ஏழு மைலோ அதற்குச் சற்றுக் குறைவோ என்று கொண்டால், வளைந்து வளைந்து ஆற்றங்கரையோடு போகிறவர்களுக்குக் கணக்குப் பொருந்துகிறது.

காலக்கணக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கமாட்டார்கள், பல நாள் தங்கித் தங்கிப் போவார்கள் என்று இளங்கோ சொல்லிவிடுகிறார். சித்திரையில் தொடங்கும் இந்திர விழா முடிந்த பிறகு ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள். மதுரை எரிந்தது ஆடி மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில், வெள்ளிக்கிழமை. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முப்பது காதம். பாதி நாள் நடை, பாதி நாள் தங்கல். ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து தணிக்கை செய்தாலும் பெரிய பிழை கண்டுபிடிக்க முடியாது. கோடை வெயிலைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்று பாண்டி நாட்டுக்குள் இரவு நேரத்தில் நிலவில் நடக்கிறார்கள். ஆவணிச் சாலையில் வேளாங்கண்ணிக் கூட்டம் செய்வதும் இதுதான். இரண்டாயிரம் வருஷமோ ஆயிரத்தைந்நூறு வருஷமோ, அந்த விவாதம் எனக்கு வேண்டாம். இதை எழுதியவருக்கு நடையைப் பற்றித் தெரிந்திருந்தது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. மாயப் பிரயாணம் என்று சொல்கிறோமே, அதைப் பற்றியது. உறையூரைத் தாண்டியபின் மாங்காட்டு மறையவன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். கொடும்பாளூர்ப் பக்கத்தில் வழி சூலாயுதம்போல் மூன்றாகப் பிரியும் என்று அவன் சொல்கிறான். இடது வழியில் திருமால் குன்றம் இருக்கிறது. அங்கே ஒரு பிலம். அதற்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் குளித்தால் இலக்கணப் பெருநூல் கைவரும். ஒன்றில் குளித்தால் பழம் பிறப்புத் தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்ததெல்லாம் கிடைக்கும். எந்த மாயக் கதையாசிரியனும் கதாபாத்திரங்களை அந்தப் பிலத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருப்பான். இளங்கோ வாசலைத் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுகிறார். கவுந்தியடிகள், இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், உண்மை பேசி உயிரைக் காப்பவர்களுக்குக் கிடைக்காத பொருள் எது என்று சொல்லி மறுத்துவிடுகிறார். மூவரும் நடுவழியில் போகிறார்கள். சாதாரண மனிதர்கள் போகிற வழி அது.

நினைத்ததெல்லாம் தருகிற பொய்கையில் கண்ணகி குளித்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்தால் மனசு கலங்குகிறது. அவள் கேட்கவில்லை. அந்த மறுப்பினால்தான் பின்னால் மதுரையில் அவள் செய்கிற காரியம், மாயமாக இருந்தும், நமக்கு மாயமாகத் தோன்றுவதில்லை. சுலபமான அற்புதத்தை வேண்டாமென்று விட்டு, முப்பது காதமும் காலால் நடந்து வந்தவளுடைய கோபம் அது.

இந்த வழியை நடந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எரிக் மில்லர் என்ற அமெரிக்கர் 1988-இல் கண்ணகி போன வழியே நடந்தார். கதை சொல்லும் கலையைத் தொழிலாகக் கொண்டவர். வழியிலுள்ள ஜனங்களிடம் கண்ணகி கதையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். சிலப்பதிகாரத்தின் கடைசி எல்லையான மலையில், தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில், மங்கலதேவி கோயில் இருக்கிறது. வருஷத்தில் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் ஜனங்களை விடுகிறார்கள். பளியன்குடியிலிருந்து மலைப்பாதையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். புஸ்தகத்தைப் படிக்காதவர்கள்தான் அதில் பெரும்பாலோர். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யும் பிரயாண நூல்தான். தலைப்பைப் பார்த்து ஆசிரியர்கள் நடந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது, நடந்தது காவேரி. அவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் போனார்கள். ஆனால் நின்று நின்று போனார்கள். அதனால் அது நல்ல புஸ்தகம்.

தற்காலத் தமிழ் நாவலில் இப்படிப்பட்ட நடை உண்டா என்று கேட்டால், எனக்கு உடனே ஞாபகம் வருவது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976-இல் வெளிவந்தது. தன் கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 2021-இல் இங்கேயே காலமான ஆசிரியர் அவர். எங்கள் ஊர்க்காரர் என்றும் நாங்கள் சொல்லிக்கொள்ளலாம். அழகான பெண் ஒருத்தியைக் காப்பாற்றுவதற்காக ஒரு கூட்டம் தெலுங்கு நாட்டை விட்டு ராவோடு ராவாகத் தெற்கே ஓடி வருகிறது. வெள்ளம் போகிற ஆறு குறுக்கிடுகிறது. பின்னால் துரத்துகிறவர்கள். அப்போது கரையில் நிற்கிற ஒரு மரம் வளைந்து கொடுத்து, அவர்களை அக்கரைக்குத் தாண்டவிடுகிறது. மங்கத்தாயாரு என்ற வயோதிகப் பாட்டி இதைச் சொல்கிறாள், கேட்கிறவர்கள் நம்புகிறார்கள், படிக்கிற நாமும் நம்புகிறோம். ஏன்? அந்தக் கூட்டம் பட்டினி கிடந்ததையும், செத்தவர்களை வழியில் விட்டு வந்ததையும் பாட்டி விடாமல் சொல்லியிருக்கிறாள். அத்தனை தூரம் நடந்தவர்களுக்காக ஒரு மரம் வளைந்தால் அது நியாயம் என்றுதான் தோன்றுகிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையில் வாரந்தோறும் வந்தது. அதில் வந்தியத்தேவன் போகிற வழியைப் பார்க்கவேண்டுமென்று கிளம்புகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. திரைப்படம் வந்த 2022-க்குப் பிறகு இன்னும் அதிகம். வீரநாராயண ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று ஊர்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. கல்கி பூகோளத்தில் ஏமாற்றுகிறவர் இல்லை. இலங்கைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர். முதல் அத்தியாயத்தில் குதிரைகூடக் களைத்துத்தான் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு தூரம் பாரமாக இருப்பதில்லை. வழி என்பது அவருக்கு, திருப்பத்தில் யாரையாவது சந்திப்பதற்கான இடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட காரியத்துக்கு அதுதான் சரி. அந்தப் பாதையில் வேனில் போகிறவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கண்ணகியின் பாதையில் வேனில் போனால் பாதிக் காவியம் நஷ்டம்.

என் கவலையெல்லாம் அதற்கப்புறம் வந்த நாவல்களைப் பற்றியது. அவற்றில் யாரும் நடப்பதே இல்லை. ஓர் அத்தியாயத்தின் முடிவில் பஸ் ஏறுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தின் ஆரம்பத்தில் இறங்குகிறார்கள். ஊரைவிட்டு ஓடுகிறவனும், வேலை தேடிப் போகிறவனும், புருஷனை விட்டு வருகிறவளும் எல்லோரும் போய்ச்சேர்ந்துவிடுகிறார்கள். போகிற வழியில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் ஆசிரியருக்குத் தெரியாது. நானும் இந்தத் தொழிலில் இருக்கிறவன். இது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குத் தெரியும். மனிதன் மாறுகிறது வழியில்தான். வழியை எடுத்துவிட்டால், மாறினான் என்று ஆசிரியன் வாயால் சொல்லவேண்டியதாகிறது. சொல்லித் தீர்க்கிற நாவல்கள் நம்மிடம் பெருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2020-இல் ஊரடங்கு போட்டபோது வடக்கே லட்சக்கணக்கான கூலியாட்கள் மூட்டையும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தே தங்கள் கிராமத்துக்குப் போனார்கள். நம் காலத்து முப்பது காதம் அது. எத்தனையோ தாய்மார்கள் எத்தனையோ பாலங்களின் மேல் “கிட்டத்தான்” என்று சொல்லியிருப்பார்கள். அதை எழுத, காதக் கணக்குத் தெரிந்த நாவலாசிரியன் வேண்டும்.

ஆகையால் மோரியாச் சுரங்கத்துக்குப் போய்ச்சேர்ந்த அந்தப் பையனை நான் கேலி செய்யத் தயாரில்லை. தான் படித்த புஸ்தகத்தை அவன் மதிக்கிறான். ஆசிரியன் ஒரு வாக்கியத்தில் தாண்டியதை எட்டு மாதமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறான். படித்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் புரட்டிவிட்டுப் போகிற வாசகனைவிட அவன் எவ்வளவோ மேல். அவனிடம் எனக்கு ஒரே ஒரு குறை. அவன் தனியாக நடக்கிறான். ஃப்ரோடோ தனியாகப் போயிருந்தால் எரிமலை போய்ச்சேர்ந்திருக்கமாட்டான்.

அடுத்தபடி என்ன செய்யலாம் என்று அவன் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. நோணாங்குப்பத்திலிருந்து சீர்காழி வழியாகப் பூம்புகார் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அது வரைக்கும் பஸ்ஸிலேயே போகட்டும். அங்கே இறங்கி, காவிரியின் வடகரையோடு மேற்கே நடக்கட்டும். வைகாசியானால் நல்லது, வெயில் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு காதம் போதும். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகவேண்டும். மனைவியோ, தகப்பனாரோ, சண்டை போட்டுக்கொண்ட சிநேகிதனோ, யாராவது. முதல் நாள் சாயங்காலம் கால் வீங்கியபின் அந்த இன்னொருவர், இன்னும் எவ்வளவு தூரம் என்று கட்டாயம் கேட்பார். போனை எடுத்துப் பார்க்காமல் அதற்கு ஒரு பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு நாடுகாண் காதையைப் பிரித்துப் படித்தால் போதும்.